எலிசாள் இழுத்த இரண்டு வயர்கள்

ஆற்றுக்கால் பொங்காலையன்று லட்சக்கணக்கான பெண்களின் தலைக்கு மேலே ஒரு தேங்காயை வீசி, திருவனந்தபுரத்தின் அறுந்துபோன இண்டர்நெட்டை ஒட்டவைத்தவள் நான்.

சரி, கொஞ்சம் கூடிவிட்டது. பகவதிக்குப் பொங்கல் வைக்க வந்த லட்சக்கணக்கான பெண்கள் ஊர் முழுக்கத் தெருவில் அடுப்புக் கூட்டி இருந்தார்கள். எங்கள் ஸ்ரீவராகத்துத் தெருவில் தெரு கொள்கிற அளவுக்குத்தான். ஊர் இண்டர்நெட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை. அறுந்தது எங்கள் வீட்டு மாடியறைக்கு வருவது மட்டும். தேங்காயும் போய்ச் சேரவில்லை. ஆனால் வீசியது நான்தான், அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. போகட்டும், இது என் கதை இல்லை. எங்கள் மாடியில் குடியிருக்கும் எலிசாளின் கதை.

எலிசாளுக்குப் பாறசாலைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று அவளாலேயே உறுதியாகச் சொல்ல முடியாத ஓர் எல்லையோர ஊர். அப்பா மலையாளத்தில் திட்டுவாராம், அம்மா தமிழில் ஜெபிப்பாளாம். டிப்ளமா முடித்து இங்கே வந்து, ஆபீஸ் ஆபீஸாகக் கேபிள் இழுத்து, கடைசியில் எங்கள் எதிர்வரிசை ஸ்கேன் நிலையத்தில் நிலைத்தாள். ஸ்கேன் அங்கே எடுப்பார்கள். அந்தப் படங்களை உட்கார்ந்து பார்க்க டாக்டர்களுக்கு இடம் போதவில்லை என்று எங்கள் மாடி முன்னறையை வாடகைக்கு எடுத்தார்கள். பின்னறை எலிசாளுக்கு.

அக்கிரகாரத்து மாடியில் வேதக்காரப் பெண்ணா என்று தெருவில் கொஞ்சநாள் முணுமுணுப்பு இருந்தது. அவள் மின்சார வாரியத்துக்கு வேண்டிய ஆள், அவளைப் பகைத்துக்கொண்டால் தெருவுக்கே கரண்ட் இருக்காது என்று ஒரு கதையை நான் அவிழ்த்துவிட்டேன். அந்த வாரமே ஒரு சாயங்காலம் தானாகக் கரண்ட் போயிற்று. அதற்குப் பிறகு அடை, அவியல், சுண்டல் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாடிக்குக் கிண்ணம் ஏறத் தொடங்கியது.

அவளை முதல்முறை பார்ப்பவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், சட்டையைத்தான் பார்ப்பார்கள். சுடிதாருக்கு மேலே ஆண்பிள்ளையின் முழுக்கைச் சட்டை, முழங்கைவரை மடித்துவிட்டது. கூரைப் பலகைக்குள் தலையை நுழைத்து, ஒட்டடையும் பல்லிமுட்டையுமாகக் கிடக்கிற இடத்தில் கையை நீட்டுகிறவளுக்கு அது வசதி என்பாள். சட்டைகள் எல்லாம் தங்கையனுடையவை.

தங்கையன் அவள் புருஷன். ஓமானில், பாலைவனத்துக்கு நடுவே ஓர் எண்ணெய்க் கம்பெனிக் குடியிருப்பில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்கு மறுவருஷம் போனவன். ஒப்பந்தம் முடியும்போது லீவில் வருவான். வரும்போது பெட்டி நிறையச் சோப்பும் பாதாமும், போகும்போது அலமாரி நிறையச் சட்டையும். "அங்க யூனிபாரம்தானே, இதெல்லாம் இங்க கெடக்கட்டு" என்று விட்டுவிட்டுப் போவானாம். விட்டுப்போனதை ஒவ்வொன்றாக எடுத்து இவள் உடுத்தித் தேய்த்தாள். காலர் நைந்துபோனால் அது அவள் வயர் செருகும் பெட்டிகளைத் துடைக்கும் துணியாகும். அலமாரியிலிருந்து அடுத்தது வரும்.

"இப்படியே போனா, அவன் வரச்சே துண்டைக் கட்டிண்டுதான் நிக்கணும்," என்றேன் ஒருநாள்.

"வரட்டும் மாமி, பின்ன பாக்கலாம்."

புதிதாக ஒரு சட்டையை எடுக்கிற நாளில் மட்டும் அவள் மாடிப்படி இறங்கக் கொஞ்சம் தாமதமாகும். அந்தச் சட்டையை முகத்தருகே வைத்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பார்த்ததில்லை. பார்க்கத் தேவையில்லை.

அலமாரியின் கடைசியில், பாலிதீன் உறைக்குள் ஒரு நீலச் சட்டை தொங்கும். அதை மட்டும் அவள் வேலைக்கு எடுத்ததில்லை. கல்யாணமான புதிதில் முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சர்ச்சுக்குப் போனபோது அவன் உடுத்தியது. குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. என் ஆயுளில் நான் கேட்காமல் விட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. சுவிட்ச் என்று ஒரு பெட்டி. விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. தட்டையான இரும்புப் பெட்டி, முன்பக்கம் வரிசையாக ஓட்டைகள். ஓட்டை என்றால் எலிசாளுக்குக் கோபம் வரும்; போர்ட் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு வயர். வயருக்கு உயிர் இருந்தால் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. ஸ்கேன் நிலையத்தில் ஒரு பெட்டி, எங்கள் மாடியில் ஒரு பெட்டி, நடுவே தெரு. இண்டர்நெட் வந்து இறங்குவது அந்தப் பக்கத்துப் பெட்டியில். ஸ்கேன் படங்கள் யானைக் கனம், ஒற்றை வயரில் மூச்சுத்திணறும். ஆகவே இரண்டு போர்ட்டில் இரண்டு வயரைச் செருகி, இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கட்டிவிடுவாள். பாரம் பங்காகும், ஒன்று போனாலும் மற்றது சுமக்கும். சும்மா செருகினால் மட்டும் ஆகாதாம். ஒன்றில் போன செய்தி மற்றதில் திரும்பி வந்து, செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே கிடக்குமாம். இது இரண்டு இல்லை, ஒன்று என்று இரு பக்கத்துப் பெட்டிக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சுந்தரராமன், ஏஜீஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், உடனே தன் காரியத்துக்கு வந்தார்.

"அப்போ நான் பாக்கற கிரிக்கெட் ரெட்டை வேகத்திலே வருமோ?"

"வராது சாரே. ஒரு பேச்சு ஒரு வயரிலதான் போவும். ஆள் கூடினாதான் ரெண்டுக்கும் வேல."

"பின்னே எனக்கென்ன பிரயோஜனம்?"

"ஒண்ணு போனாலும் சாருக்கக் களி நிக்காது, அல்லே?" என்றாள். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு; ஆனாலும் கிரிக்கெட்டைக் களி என்று சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அவள் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, முதன்முதலில் வேலைக்குப் போன இடத்தில் நடந்தது. வயர் சரி, போர்ட் சரி, இரு பக்கமும் விளக்கு எரிகிறது. ஆனால் இரண்டு வயரும் ஒன்றாகச் சேரமாட்டேன் என்கின்றன. பொழுது சாயும்வரை மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்ததாம்: யாரோ இரு பக்கத்துப் பெட்டிக்கும் ஒரே உத்தரவைப் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் கேட்டால் பதில் சொல்லு, நீயாகக் கேட்காதே.

"ரெண்டும் ரெம்ப மரியாதையா காத்துக்கிட்டு இருந்துது மாமி," என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒண்ணாவது கேக்கணும். அன்னைலேருந்து என் பக்கத்துப் பெட்டிய நான் எப்பவும் கேக்கத்தான் வைப்பேன்."

"பெட்டியை வெப்பேடி," என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஏன் சொன்னேன் என்றால், தங்கையனோடு அவள் பேசுவது எனக்கு மனப்பாடம். மொட்டைமாடியில் சிக்னல் நன்றாக இருக்கும். நான் வடாம் காயவைத்த தட்டைத் திருப்பிக்கொண்டே இருப்பேன், வடாம் எவ்வளவு காய்ந்திருந்தாலும். ஒப்பந்தம் முடியப்போகிற நேரமெல்லாம் ஒரே பேச்சு. ஒப்பிடுவது என்றால் அவர்கள் பேச்சில் கையெழுத்துப் போடுவது.

"கம்பெனி பின்னயும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பிடச் சொல்லுது. நீ என்ன சொல்லுத?"

"உங்க இஷ்டம்."

"எனக்கு என்ன இஷ்டம்? உனக்க இஷ்டம் சொல்லு."

"நான் என்ன சொல்ல? எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல."

வந்துவிடு என்று இவள் சொல்லட்டும் என்று அவன். வந்துவிடுகிறேன் என்று அவன் சொல்லட்டும் என்று இவள். அப்படியே ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம். இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இந்தக் கும்ப மாதம், தமிழுக்கு மாசி, மறுபடி அந்த நேரம் வந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எல்லாம் குறிப்பிட்ட நாள் சாயங்காலத்துக்குள் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்த நாள் இங்கே பொங்காலை.

முந்தின நாள் எலிசாள் படியிறங்கி வந்து, சமையலறை வாசலில் நின்றாள். நான் பானைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன்.

"மாமி, நாளைக்கு நான் சொல்லப்போறேன்."

"எதை?"

"வரச் சொல்லி."

மஞ்சள் கையோடு திரும்பினேன். "இப்பவே சொல்லித் தொலையேண்டி. போன்லே ரெண்டு வரி எழுதிப் போட்டா ஆச்சு."

"எழுதினா கெஞ்சின மாதிரி ஆவும். முகத்தப் பாத்துச் சொல்லணும். அவருக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம்தான் கேம்ப் ஆபீஸில நெட்டு திறந்து விடுவாங்க. அப்ப கூப்பிடுவாரு."

"நாளைக்குப் போன் எங்கே எடுக்கும்? ஊர்ப்பட்ட பொம்மனாட்டிகளும் ஆத்துக்குப் போன் பண்ணிண்டிருப்பா. ஒரு வருஷமாவது பொங்காலையன்னிக்கு சிக்னல் கிடைச்சிருக்கா?"

"போன் வேண்டாம். மாடியில கம்ப்யூட்டரில எடுப்பேன். நாளைக்கு லீவு, டாக்டர்மாரும் இல்ல. எனக்கு வயரு உண்டல்லோ? ரெண்டு உண்டு மாமி. ஒண்ணு போனாலும் மத்தது நிக்கும்."

அவ்வளவு தைரியமாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது செங்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொங்காலை நெருங்கிவிட்டால் எங்கள் தெருவில் செங்கல் வெறும் செங்கல் இல்லை. மூன்று கல் கூட்டிப் போட்டிருந்தால் அது ஒரு பெண் அடுப்பு மூட்டப்போகிற இடம். சாக்கட்டியில் பெயர் எழுதியிருந்தால் யாரும் தொடமாட்டார்கள். பெயர் இல்லாமல் கிடக்கிற கல் பகவதி கொடுத்த கல்; தூரத்திலிருந்து வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எலிசாளின் வயர்கள் தெருவைக் கடப்பது ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள். குழாய்க்கு மேலே ஒரு பிடி மண், மண்ணுக்கு மேலே காவலாக, தெருவுக்குக் குறுக்கே வரிசையாகச் செங்கல். கேபிள்காரர்கள் செய்கிற வழக்கம்தான். கேபிள்காரர்கள் செங்கல்லில் பெயர் எழுதுவதில்லை.

பொங்காலையன்று விடியுமுன்பே தெரு நிறைந்துவிட்டது. சுந்தரராமன் வருஷாவருஷம் போல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழாய் எங்கே, கழிப்பறை எங்கே, மோர் எப்போது என்று வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்த பொன்செல்வி என்ற பெண், தலையில் பானையும் இடுப்பில் தென்னங்கொதும்பு விறகுக் கட்டுமாக நின்று கேட்டாள்.

"ஐயா, இந்தக் கல்லு யாருக்குள்ளது?"

"பேர் இருக்கோ?"

"ஒண்ணும் இல்லயே."

"அப்போ உனக்குத்தான். எடுத்துக்கோம்மா."

இதை இவர் மறுப்பார். மறுக்கட்டும், நான் ஜன்னலில் நின்று கேட்டேன். பொன்செல்வி வரிசையிலிருந்து மூன்று கல்லைப் பெயர்த்து, அந்த இடத்திலேயே அடுப்பாகக் கூட்டினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் ஆளுக்கு மூன்று.

கோயிலின் முதல் அடுப்பான பண்டார அடுப்பில் தீ வைத்த சேதி வந்ததும், தெருத்தெருவாகத் தீ பரவியது. நான் என் அடுப்பை மூட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாடிக்கு ஏறினேன். என்ன அவசரம் என்று கேட்காதீர்கள். எலிசாள் அன்று சட்டை போடவில்லை. பச்சைப் புடவை, தலையில் பூ. கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்தி, பின்னால் சுவரில் என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் பெட்டியில் இரண்டு பச்சை விளக்குகளும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன.

ஜன்னல் வழியாகப் புகை வந்தது. புகைக்குள் ஒரு நாற்றம், பால் பொங்குகிற வாசனை இல்லை.

ஒரு விளக்கு அணைந்தது.

"பாத்தீங்களா மாமி," என்று எலிசாள் சிரித்தாள். "ஒண்ணு போச்சு. மத்தது நிக்குது பாருங்க. இதுக்குத்தான் ரெண்டு..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மற்றதும் அணைந்தது.

ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். செங்கல் வரிசை இருந்த இடத்தில் வரிசையாக அடுப்புகள். பொன்செல்வியின் பானைக்குக் கீழே தீ திகுதிகு என்று எரிந்தது. எலிசாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வயரு," என்றாள். "ஒரே குழாயில போட்டேன் மாமி. ரெண்டையும் ஒரே வழியா விட்டேன்."

"நான் போய் அந்தப் பொண்ணை அடுப்பை நகத்தச் சொல்றேன்."

"வேண்டாம். மூட்டின அடுப்ப எப்பிடி அணைக்கச் சொல்ல? அவங்க எந்த ஊரிலேருந்து வந்து என்னத்த வேண்டிக்கிட்டாங்களோ. உருகின வயரு இனி ஒட்டவும் செய்யாது."

எதிரே ஸ்கேன் நிலையத்துக்கே போய்விடலாம் என்றால், தெருவில் சுவருக்குச் சுவர் அடுப்பு. ஒருத்தி மூட்டிய அடுப்பைத் தாண்டாமல் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. எரிகிற பொங்காலை அடுப்பைத் தாண்டுவது நடக்கிற காரியமா? அவள் மொபைலை எடுத்துப் பார்த்தாள். நான் சொன்னதுதான், சுழன்றுகொண்டே இருந்தது. தங்கையனுக்கு மணி ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டு இவள் கிடைக்கவில்லை என்றால் வழக்கம்போல உங்க இஷ்டம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டுவிடுவான்.

திடீரென்று அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னறைக்கு ஓடி, ஒரு கட்டு வயரோடு வந்தாள். ஜன்னலில் நின்று எதிர்ப்பக்கம் கத்தினாள்.

"வன்னியண்ணே! வன்னியண்ணே! மேல ஜன்னலத் திறங்க!"

வன்னியபெருமாள் ஸ்கேன் நிலையத்துக் காவல்காரர், சங்கரன்கோவில்காரர். ஷட்டருக்கு முன்னாலும் அடுப்பு என்பதால் விடிகாலையிலிருந்து உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார். புகைக்குள் அவர் தலை தெரிந்தது.

"என்ன தாயி? பொங்கச்சோறா?"

"வயரு போச்சு! ரெண்டும் போச்சு!"

"இன்னைக்கு லீவுல்லா! டாக்டரும் இல்ல, நோயாளியும் இல்ல. ஆருக்கு வயரு?"

எலிசாள் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமாக அந்த வயரில் யார் யாருடைய எலும்பும் நெஞ்சும் மூளையும் போய் வந்தன. தனக்கென்று அவள் ஒன்றையும் கேட்டதில்லை.

"எனக்கு!" என்று கத்தினாள். "எனக்கு வேணும் அண்ணே!"

அவர் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

இங்கேதான் தேங்காய் வருகிறது. வயர் நுனியில் ஒரு கனத்தைக் கட்டி வீச வேண்டும் என்றாள். கனத்துக்கு என்ன என்று தேடுவதற்குள் நான் பூஜைக்கு வைத்திருந்த தேங்காயை எடுத்து, குடுமியில் சணலைக் கட்டிவிட்டேன். கல்லூரியில் படித்த காலத்தில் குண்டு எறிதலில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவள் நான். அல்லது வந்திருப்பேன், கலந்துகொண்டிருந்தால். வீசினேன். தேங்காய் அழகாக மேலே எழும்பிப் போய், சணலிலிருந்து கழன்று, பொன்செல்வியின் மடிக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்தது.

"ஏ பாட்டி! மண்டையப் பொளக்கவா வந்திய?" என்று அண்ணாந்தாள்.

"தேங்காயைத் திருப்பிக் குடுடீம்மா!"

"நல்லாருக்கே! வானத்துலேருந்து விழுந்தது அம்மன் குடுத்ததுல்லா? திருப்பிக் குடுத்தா தெய்வகுத்தம்." அதைத் துருவித் தன் பானையில் அவள் சேர்த்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

"மாமி, நீளமா ஒரு கம்பு," என்றாள் எலிசாள்.

கொல்லையில் துணி உலர்த்துகிற மூங்கில் இருந்தது. அதன் நீளம் போதாமல், என் மடிக்கோலையும் சேர்த்துக் கட்டி, நுனியில் வயரை மாட்டினோம். மடித்துணியை யார் மேலும் படாமல் எடுத்துக் கொடியில் போடுவதற்கென்றே வைத்திருக்கிற கோல், என் மாமியார் காலத்தது. அதை எலிசாள் கையில் கொடுத்ததைப் பார்த்தால் அவர் சொர்க்கத்திலிருந்து இறங்கி வந்திருப்பார். வரட்டும், ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வன்னியபெருமாள் ஒட்டடைக்கம்பை நீட்டினார். தெருவுக்கு நடுவே, புகைக்கு மேலே, இரண்டு கம்பும் ஒன்றையொன்று தேடின. இது போனால் அது நழுவும், அது வந்தால் இது சாயும். கீழே பானைகள் கொதிக்கின்றன. எலிசாளின் கண்ணில் புகையா வேறா தெரியாது, நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கை இல்லை. ஒட்டடைக்கம்பின் நார் நுனியில் வயர் சிக்கியதும், கீழே யாரோ ஒருத்தி குரவையிட்டாள். எதற்கென்று தெரியாமலே தெருவெல்லாம் குரவை.

"எந்தப் பொந்துல சொருக?" என்றார் வன்னியபெருமாள்.

"பொந்தா! கீழ்வரிசை, கடைசி!"

"சொருகியாச்சு. வெளக்கு எரியலயே தாயி."

"பொறுங்க அண்ணே. இந்தப் பக்கம் இப்ப கேக்கும்."

நான் பெட்டியையே பார்த்தேன். மஞ்சளாக ஒன்று மினுங்கியது. மினுங்கிக்கொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறது என்றாள் எலிசாள் மெல்ல. பிறகு பச்சையாயிற்று. இரண்டு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று.

"ஒண்ணுதானேடி இருக்கு?"

"ஒரு வயரு போதும் மாமி," என்றாள், முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு. "ஒரு பேச்சுதானே."

கம்ப்யூட்டர் மணியடித்தபோது தெருவில் நிவேத்தியத்துக்கான நேரம். தங்கையன் முகம் திரையில் கட்டம் கட்டமாக வந்து, பிறகு சேர்ந்து ஒரு முகமாயிற்று. நெற்றி ஏறியிருந்தது. நான் பெரிய மனசு பண்ணி வெளியே வந்து கதவைச் சாத்தினேன். காதைச் சாத்தவில்லை.

கீழே பூசாரி தீர்த்தம் தெளிக்க வந்திருப்பார் போலும், குரவை கூரையைத் தூக்கியது. ஆனாலும் எலிசாள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "போதும். அந்த மணலில் இருந்தது போதும், நான் இந்தச் சட்டைகளோடு குடித்தனம் பண்ணினது போதும். நீங்கள் கேட்பீர்கள் என்று நான் காத்திருந்தேன், நான் கேட்பேன் என்று நீங்கள் காத்திருந்தீர்கள். இன்றைக்கு நான் முதலில் கேட்கிறேன். வாங்க. உடனே புறப்பட்டு வாங்க!" அவன் அந்தப் பக்கம் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மறுநாள் காலை அவள் கிண்ணத்தைத் திருப்பித்தர வந்தபோது, "ஒப்பிடலயாம்," என்றாள். கிண்ணத்தை இரண்டு தடவை கழுவினாள்.

பழைய ஒப்பந்தத்தில் மிச்சம் இருக்கிற நாளை முடித்துவிட்டுத்தான் விடுவார்களாம். மழை தொடங்குகிற சமயத்துக்கு வருவான். இப்போது மேட மாதம், அதாவது சித்திரை, முடியப் போகிறது. வெயில் ஊரை வறுக்கிறது. எலிசாள் புதிதாக இரண்டு வயர் இழுத்துவிட்டாள். ஒன்று மண்ணுக்குள், ஆழமாக; மற்றது மேலே, தெருக்கோடி வழியாகச் சுற்றிக்கொண்டு. இனி இரண்டையும் ஒரே வழியில் விடமாட்டாளாம். செங்கல்லில் எல்லாம் சாக்கட்டியில் தன் பெயரை எழுதியிருக்கிறாள். வேலைக்குக் கடைசியாக எடுத்த, நைந்துபோன சட்டையையே திரும்பத் திரும்பத் துவைத்துப் போட்டுக்கொள்கிறாள், புதிதாக ஒன்றை எடுக்க மனமில்லை. சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று தெற்கே மேகம் உண்டா என்று பார்க்கிறாள். ஒரு துண்டு மேகம் வந்தால் போதும், "மாமி, இது மழைக்குள்ளதோ?" என்று கீழே குரல் கொடுக்கிறாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம், நாளைக்கே கொட்டும் என்கிறேன்.

இதுவரை எழுதியதைச் சுந்தரராமனுக்கு வாசித்துக் காட்டினேன். இவருக்குக் காது மந்தம், நான் கூப்பிடும்போது மட்டும். செங்கல் விஷயத்தில் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அதை விட்டுவிட்டார்.

"கதை நன்னாருக்கு," என்றார். "ஆனா அவ வாங்கோன்னு சொல்லவே இல்லையேடி. நீ கதவண்டை குரவையைக் கேட்டுண்டு நின்னே. நான் படியிலே நின்னுண்டிருந்தேன், அது அடங்கினப்புறம் நேக்கு எல்லாம் கேட்டுது. 'நீலச் சட்டைய எடுத்து வெயில்ல போட்டிருக்கேன்'னா. அந்தப் பக்கத்திலேர்ந்து ரொம்ப நாழி சத்தமே இல்லை. வயர் போயிடுத்தாக்கும்னு நெனச்சேன். அப்புறம் அவன் சொன்னான்: 'கஞ்சி போட்டுராத, கழுத்த அறுக்கும்.' அவ்வளவுதான் பேசிண்டா."